வாய்க்கால் வரைக்கும்

தம்பி,

கல்யாணச் சட்டைக்கு அளவு கேட்டிருந்தேன், அனுப்பிவிட்டாய். மார்பு நாற்பத்திரண்டு, இடுப்பு முப்பத்தெட்டு. நீ மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது நான்தான் உனக்கு நாலு சட்டை தைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பது. போய் இரண்டரை வருஷம்தான் ஆகிறது. போனில் உன் முகத்தைப் பார்க்கும்போதே கன்னத்தில் தெரிந்ததுதான், ஆனாலும் டெய்லருக்கு இஞ்சு டேப் சொன்னால்தான் மனசு நம்பும். அளவுக்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு அனுப்பியிருந்தாய். ஒன்று, நான் வாய்க்கால் கரையில் நம் செவலைக் காளையோடு ஓடுகிற வீடியோ. யாரோ பைக்கில் பின்னால் வந்து எடுத்து, சிரிக்கிற பொம்மையெல்லாம் போட்டு ஊருக்கு அனுப்பி, அது போடியில் பெண் வீடு வரைக்கும் போய், அங்கிருந்து கடல் தாண்டி உன்னிடம் வந்திருக்கிறது. இன்னொன்று உன் குரல். "அப்பா, பொண்ணு வீட்டுல பாத்துட்டாகப்பா. சிரிக்கிறாக. கல்யாணம் முடியிற வரைக்குமாச்சும் இந்த ஓட்டத்த விட்ருங்க. செவலைய ஆண்டிபட்டிக்காரரு ஒருத்தரு கேக்குறாரு, ஞாயித்துக்கெழம வருவாரு, குடுத்துருங்க. ஒங்களுக்கும் வேல மிச்சம்." இதை மூன்று தடவை கேட்டேன். கோபம் வரவில்லை. போனில் பதில் சொல்ல வாயும் வரவில்லை. அதனால் கடையில் உட்கார்ந்து, அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். யார் படித்தாலும் பரவாயில்லை. வீடியோவையே ஊர் பார்த்தாயிற்று.

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் குண்டுதான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா வந்தால் எனக்கு ஒரு நிரந்தர வேலை உண்டு. ஓடுகிறவர்கள் கழற்றிக் கொடுக்கும் சட்டைகளை வாங்கி, இரண்டு கையிலும் போட்டுக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். எந்தச் சட்டை யாருடையது என்று காலரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்து, "இவன் நல்லா வருவான்டா" என்பார், எதில் என்று சொல்லமாட்டார். சின்னமனூரில் கடை போட்ட பிறகு பெயர்ப்பலகையில் ஒரு பெயர் எழுதினேன், அதை யாரும் படிக்கவில்லை. குண்டு டெய்லர் கடை என்றால்தான் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விடுவார். கல்யாண வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கிப் போட்டுத்தான் உட்காருவேன். யாராவது சிரிப்பதற்குள் நானே முந்திக்கொண்டு சிரித்துவிடுவேன். அப்படிச் சிரித்தால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருந்தேன். போன வருஷம் ஆடியில் என் எடை நூற்றுப் பதினாலு கிலோ.

அப்படிப்பட்டவனுக்கு ஓடுகிற பிள்ளையாய்ப் பிறந்தாய். நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஒருவன் வண்டியில் உட்கார்ந்து ஓட்டுவான், இன்னொருவன் மாட்டோடு கூடவே ஓடி விரட்டுவான். நீ ஓடுகிறவன். செவலையைக் கன்றாக வாங்கி வந்து, உன் சிநேகிதனின் காளையோடு ஜோடி சேர்த்து, விடியற்காலையில் வாய்க்கால் கரையில் பழக்கினாய். பந்தயத்துக்கு உங்கள் கூட்டத்துக்கே ஒரே நிறத்தில் பனியன் தைத்துத் தரச் சொன்னாய், தைத்தேன். பொருத்தமாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்களாம். ஆனால் ஒரு பந்தயத்துக்குக்கூட நான் வரவில்லை. கடை, ஆர்டர், தீபாவளி, பள்ளிச் சீருடை என்று ஏதாவது சொல்வேன். நிஜம் அதில்லை. ரோட்டோரம் நான் போய் நின்றால், "இவரு மகனா அந்தப் பய?" என்று நாலு பேர் கேட்பார்கள், உன்னைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தேன். நீ ஜெயித்து வந்த அன்றைக்கு உன் அம்மா வாசலில் ஆரத்தி எடுத்தாள், நான் உள்ளே யாரோ ஒருவர் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். நீ என்னிடம் கப்பைக் காட்டினாய். "நல்லாருக்கு" என்றேன். பிறகு மஸ்கட்டில் வேலை கிடைத்து நீ போய்விட்டாய், சிநேகிதன் தன் மாட்டை விற்றுவிட்டான், செவலை ஒற்றையாக நம் மாட்டுக் கொட்டத்தில் நின்றது. "பிள்ள வளத்த மாடு, இருந்துட்டுப் போகட்டும்" என்று உன் அம்மா அதை விற்க விடவில்லை.

இனி உன் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். அவளுக்குச் சர்க்கரை வந்தபோது தேனியில் டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, தினமும் முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கச் சொன்னார். அவள் ஒல்லி, நான் இப்படி. மறுநாள் விடிந்ததும் தலையை அள்ளி முடிந்துகொண்டு கட்டிலருகே வந்து நின்றாள். "வாங்க, வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வந்துருவோம்." போனோம். அது ஒரே ஒரு நாள். முக்கு டீக்கடையைத் தாண்டும்போது கடைக்காரர், "என்ன டெய்லரே, ஊசியும் நூல்கண்டுமாக் கெளம்பிட்டீக?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். உன் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நல்ல கேலிதானே அது. எனக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. கடைச் சாவியை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி நடந்தேன். சாவி இடுப்பில்தான் இருந்தது, அது அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம், தினமும் கூப்பிட்டாள். நான் தினமும் "நாளைக்குப் பாப்போம்" என்றேன். சண்டையெல்லாம் இல்லை. அவள் கூப்பிடுவதும் நான் இப்படிச் சொல்வதும் பல் தேய்ப்பது போல வீட்டு வழக்கம் ஆகிவிட்டது. ஒரு தடவை தேனிக்குப் போனவள் எனக்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தாள். படுத்திருந்தேன். "போட்டுப் பாருங்க" என்று கால்மாட்டில் வைத்தாள். "இறுக்குது" என்றேன். "இன்னும் போடவே இல்லியே?" "பாத்தாலே தெரியுதுல்ல." "சரி, அடுத்த தடவ போறப்ப மாத்திட்டு வாரேன்" என்று பெட்டியோடு எடுத்து பீரோ மேலே வைத்தாள். ஒரு நாள் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். என்ன அதுக்குள்ள என்று கேட்டேன். "ஒத்தையில போனா என்னமோ மாதிரி இருக்குங்க. அங்கன போயி யாரையோ தேடிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. இனிமேல் அவளும் போகமாட்டாள், என்னையும் கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாளும் கூப்பிட்டாள்.

ஐப்பசியில் அவள் போனது உனக்குத் தெரியும். ஆட்டோவில் நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ராசாத்தி அத்தை கடைக்கு ஓடி வந்து, மதினிக்கு நெஞ்சு வலிக்குதாம் என்றாள். ஆட்டோவில் தேனிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். வீரபாண்டி தாண்டும்போது அவள் தலை என் தோளில் சாய்ந்தது. வலி குறைந்து தூங்குகிறாள் என்று நினைத்தேன். குலுங்கினால் முழித்துவிடுவாளே என்று ஆட்டோக்காரரை மெதுவாகப் போகச் சொன்னேன். அவர் மெதுவாகத்தான் போனார். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் கை தெரியும், கன்னம் தெரியாது இல்லையா, அப்படி இருந்தது. பந்தல் போட்டார்கள், மாலைகள் வந்தன, பெண்கள் கூடி மாரடித்து அழுதார்கள். நீ விமானத்தைப் பிடித்து ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் நின்றேன். பதினாறாம் நாள் காரியத்தில் ஐயர் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்த உன்னைப் பார்த்தபோது, கடையில் வாங்கின சட்டை போலிருக்கிறது, தோள்பட்டை அரை இஞ்சு இறங்கியிருக்கிறதே என்று நினைத்தேன். அன்றைக்கு நான் நினைத்தது அது ஒன்றுதான். நீ ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் பையைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலயாப்பா? ஒரு சொட்டுக் கண்ணீரு விடலயே நீங்க" என்று கேட்டாய். "பஸ்ஸு எடுத்துருவான், ஏறு" என்றேன். நீ ஏறிவிட்டாய். அந்தக் கேள்விக்குப் பதிலையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நீ போன பிறகு ஒன்பது மாதம் ஓடியது. ஓட்டலில் சாப்பிட்டேன். ருசி தெரியாததால் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்பதும் தெரியவில்லை. ஒரு நாள் பீரோவைத் திறந்து அவள் சேலைகளை எடுத்து, மடிப்புக் கலைத்து, மறுபடி மடித்து வைத்தேன். அப்படிச் செய்தால் அழுகை வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு அது காட்டனாகவும் சில்க்காகவும்தான் தெரிந்தது. ஒரு சேலையில் ஃபால்ஸ் பிரிந்திருந்தது. எடுத்து வந்து கடையில் உட்கார்ந்து அதைத் தைத்து, மறுபடி கொண்டுபோய் வைத்தேன். யார் கட்டப்போகிறார்கள் என்ற யோசனை, தைத்து முடித்த பிறகுதான் வந்தது. செவலைக்கு ராசாத்தி அத்தைதான் வைக்கோல் போட்டு, தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ஆடிக் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் வந்து என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். "ஏண்ணே, நீங்கதேன் உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கீக, அந்த வாயில்லாத சீவன் என்ன பாவம் பண்ணுச்சு? ஓடுன மாடுண்ணே அது. நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சு. ஒண்ணு வித்துத் தொலைங்க, இல்லாட்டி அவுத்துக்கிட்டு நாலு எட்டு நடத்திட்டு வாங்க." விற்பதற்கு ஆளைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும். நடத்துவதுதான் சுலபம் என்று பட்டது.

அவிழ்த்தேன். பிடிகயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். மாட்டைத் தெரிந்தவன் எவனும் அப்படிச் செய்யமாட்டான். நீ பார்த்திருந்தால் கத்தியிருப்பாய். நாற்பது வருஷமாக நூலை விரலில் சுற்றி இழுத்தே பழகிய கைக்கு வேறெப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. வாய்க்கால் பாலம் தாண்டி வளைவு வரைக்கும் செவலை சாதுவாகத்தான் வந்தது. வளைவு தாண்டிக் கரைப்பாதை நேராக ஆகிறது பார், அங்கே தலையை ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான் தெரியும். கயிறு மணிக்கட்டை இறுக்கிவிட்டது, விட நினைத்தாலும் விட முடியாது. ஒன்று ஓட வேண்டும், இல்லை கரையில் இழுபட்டுக்கொண்டு போக வேண்டும். ஓடினேன். ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் அவிழ்ந்துகொண்டிருந்த கைலி. ஒரு செருப்பு வாய்க்காலில் விழுந்தது. "ஏலே நில்லு, ஏலே நில்லு" என்று கத்தினேன், அதற்கு உன் குரல்தான் பழக்கம். நூறு அடி இருந்தால் அதிகம். மடை வந்ததும் யாரோ பிரேக் போட்ட மாதிரி தானாக நின்றது.

மடைக் கல்லில் உட்கார்ந்து இளைத்தேன். மூச்சு நெஞ்சைக் கிழித்தது, காலில் கல் குத்தி ரத்தம், மணிக்கட்டு வீங்கிக் கன்றிவிட்டது. செவலை என்னிடம் வந்து மூக்கால் இடுப்பை இடித்தது. விரட்டினேன். மறுபடி வந்து இடித்தது. எதையோ தேடுகிறது என்று புரிந்தது, எதை என்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து காலுக்கு மஞ்சள் வைத்தபோது எரிந்தது. அந்த எரிச்சலைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். அவள் போனதற்குப் பிறகு என் உடம்பில் எனக்குத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். மறுநாள் காலையில் மறுபடி கயிற்றை அவிழ்த்தேன்.

போட்டுக்கொள்ளச் செருப்பு இல்லை. அப்போதுதான் பீரோ மேலே இருந்த பெட்டி ஞாபகம் வந்தது. தூசியைத் தட்டி எடுத்து, குனிந்து லேஸ் கட்ட வயிறு விடாததால் காலைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக் கட்டினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது, தம்பி. கட்டைவிரலுக்கு முன்னால் எவ்வளவு விட வேண்டுமோ அவ்வளவு விட்டிருந்தது. அவள் எப்போது என் காலைப் பார்த்து வைத்தாள் என்று தெரியவில்லை. ஊருக்கே அளவெடுக்கிறவன் நான். உன் அம்மா செருப்பு என்ன நம்பர் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அப்போதும் அழுகை வரவில்லை. லேஸை இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அதற்குப் பிறகு செவலைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கயிற்றை இப்போது கையில் சும்மா பிடிக்கிறேன், சுற்றுவதில்லை. பாலம் வரைக்கும் நடை. பாலத்திலிருந்து ஓட்டம். வளைவு வரும் இடத்தில் அதுவாக வேகத்தைக் குறைக்கும். அங்கே உனக்கு மூச்சு வாங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். மடையில் நிற்கும். பிறகு மோட்டார் ரூம் வரை இன்னொரு ஓட்டம், அங்கே சுவரோரம் போய்த் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கும், பிறகு வீடு வரை நடை. ஒரு நாளும் மாறவில்லை. மடையில் அது எதைத் தேடுகிறது என்று பத்து நாள் யோசித்து, பந்தயம் ஓட்டுகிறவர் ஒருவரிடம் கேட்டேன். "பேரிச்சம்பழம் குடுத்துப் பழக்கியிருப்பாக" என்றார். வாங்கிப் போய் நீட்டினேன், உள்ளங்கையை நக்கித் தீர்த்தது. நீ ஓடியதை நான் ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. எங்கே வேகம் எடுத்தாய், எங்கே தளர்ந்தாய், எங்கே நின்று மாட்டைக் கொஞ்சினாய் என்பதையெல்லாம் மாடு எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டியது. எனக்கு அது போதுமானதாக இல்லை. நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஓட்டம் என்றால் முதலில் இருபது எட்டு. பிறகு நடை. மறுபடி இருபது எட்டு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன், பயப்படாதே. தொடை இரண்டும் உரசிப் புண்ணாகாமல் இருக்க, கடையில் மிஞ்சிய பிட்டுத் துணியில் முழங்கால் வரைக்கும் ஒரு டிராயர் தைத்துக்கொண்டேன். அதை இந்த உலகத்துக் குண்டர்களுக்கெல்லாம் இலவசமாகத் தைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் பாலத்தில் எங்களைப் பார்த்து மெதுவாகும். "ஏ டெய்லரண்ணே, மாட்ட நீங்க பத்துறீகளா, மாடு ஒங்களப் பத்துதா?" என்று ஒரு நாள் ஒருத்தி கேட்டாள். ஜீப்பே குலுங்கியது. என் வழக்கப்படி முந்திக்கொண்டு சிரிக்க வேண்டும், மூச்சு வாங்கியதால் முடியவில்லை. "ரெண்டுந்தேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு முகம் சுண்டவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். டீக்கடைக்காரர் மட்டும் கேலி பேசவில்லை. ஒரு நாள் என்னை நிறுத்தி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "ஒத்தையிலயா டெய்லரே?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். பேண்ட் இடுப்பை நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்தாறாக்கினேன், பிறகு நாற்பத்துநாலு. என் சொந்தத் துணியைப் பிரித்துப் பிடிப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

புரட்டாசியில் ஒரு நாள். முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை, வாய்க்கால் கரை தொட்டு ஓடியது, மேற்கே மலை கழுவிவிட்ட மாதிரி கிட்டத்தில் நின்றது. பாலத்திலிருந்து கிளம்பினோம். இருபது எட்டில் நிற்பேன் என்று நினைத்தேன், நிற்கத் தோன்றவில்லை. வளைவில் நிற்பேன் என்று நினைத்தேன், அதையும் தாண்டிவிட்டேன். செவலையின் குளம்புச் சத்தமும் என் ஷூ சத்தமும் ஒரே தாளத்தில் விழுந்தன. மூச்சு தானாக உள்ளே போய்த் தானாக வெளியே வந்தது. ஐம்பத்தேழு வருஷமாக நான் சுமந்து திரிந்த உடம்பு அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனது. காற்று முகத்தில் அடித்தது, சட்டைக்குள் புகுந்து முதுகில் புடைத்தது. சத்தமாகச் சிரித்தேன், தம்பி. யாரும் கேலி செய்யவில்லை, யாரையும் முந்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, சந்தோஷத்தில் வந்த சிரிப்பு. ஓடுகிறவர்களுக்கெல்லாம் இது தெரிந்தே இருந்திருக்கிறது, சட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்களில் ஒருவன்கூடச் சொல்லவில்லை. நீ சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். மடை வந்துவிட்டது.

செவலைக்குப் பழத்தைக் கொடுத்துவிட்டு, மோட்டார் ரூம் வரை போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். மாட்டைக் கட்டக்கூட இல்லை, வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைந்து, "இந்தா, எங்கன இருக்க? மடை வரைக்கும் நிக்காம ஓடிட்டேன், இங்கன வந்து கேளு!" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து பதில் வரும் என்று நின்றேன். பாத்திரம் வைக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் இல்லை என்பது பதினோரு மாதம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்து அழுதேன். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ராசாத்தி அத்தை ஓடி வந்தாள், பார்த்துவிட்டுப் போய் மாட்டைப் பிடித்துக் கட்டினாள். நியாயமாக முதலில் திரும்பி வந்தது துக்கமாக இருந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது முதலில், அதைச் சொல்ல ஆள் தேடியபோதுதான் துக்கம் வந்தது. அதில் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நீ கேட்டாயே, அதற்குப் பதில் இது. தோன்றியது. அவ்வளவு நாளாயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பெரும்பாலான நேரம் இப்போதும் மரத்துத்தான் கிடக்கிறேன். மிஷின் ஓடுகிறது, துணி போகிறது, சாயங்காலம் ஆகிறது. காலையில் பாலத்துக்கும் மடைக்கும் நடுவில் மட்டும் நான் இருக்கிறேன். அதனால்தான் ஆண்டிபட்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, செவலையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கட்டும் என்று விட்டு, டீ வாங்கிக் கொடுத்து, தருவதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல மனுசன், கோபித்துக்கொள்ளவில்லை. நீ கேட்டு நான் மறுக்கிற முதல் காரியம் இது. ஓட்டத்தையும் நிறுத்தப்போவதில்லை. வீடியோவை நானும் பார்த்தேன். என் முதுகை நான் பார்த்ததே இல்லை, எவ்வளவு அகலம்! சட்டை தோளில் சரியாக உட்காரவில்லை, தைத்ததும் நான்தான். பெண் வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். நான் ஒரு டீக்கடைச் சிரிப்புக்குப் பயந்து திரும்பி வந்தவன், அதில் என்ன போயிற்று என்று உனக்கு இப்போது தெரியும். வைகாசியில் உன் கல்யாணத்தன்றைக்கும் விடிகாலையில் ஓடிவிட்டுத்தான் மண்டபத்துக்கு வருவேன். குளித்துவிட்டுத்தான் வருவேன், கவலைப்படாதே.

உனக்குத் தெரியாத ஒன்று. நேற்று போடியிலிருந்து அந்தப் பெண் எனக்குப் போன் செய்தது. வீடியோவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "மாமா, காலைல எத்தன மணிக்குப் போவீக?" என்று மட்டும் கேட்டது. அஞ்சரை என்றேன். "சரிங்க மாமா" என்று வைத்துவிட்டது. எதற்குக் கேட்டது என்று எனக்குத் தெரியாது.

உன் சட்டையை நீ சொன்ன அளவுக்கே வெட்டிவிட்டேன். பக்கவாட்டில் உள்ளே துணி விட்டிருக்கிறேன், பிடிப்பதானாலும் பிடிக்கலாம், விடுவதானாலும் விடலாம். உன்னை மெலியச் சொல்லி இதை எழுதவில்லை. நான் குண்டாக இருந்ததற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை, அவள் கூப்பிட்டபோது எழுந்து போகாததற்காகத்தான் வருத்தப்படுகிறேன். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளில், ஏதாவது ஒரு காலையில், அந்தப் பெண் உன் பக்கத்தில் வந்து நின்று, வாங்க, கொஞ்ச தூரம் போயிட்டு வந்துருவோம் என்று கூப்பிடும். வேலை இருக்கும், தூக்கம் இருக்கும், முக்கில் டீக்கடையும் இருக்கும். எழுந்து போ. ஒரு ஷூவை வாங்கி வந்து உன் கால்மாட்டில் வைத்தால், காலை உள்ளே விட்டுப் பார். போட்டுப் பார்க்காமலே இறுக்குது என்று சொல்லிவிடாதே. எனக்கு அது இறுக்கவில்லை, தம்பி.

உன் அப்பா